குட்டைக்குள் எழுந்த மலை

“அண்ணா... அண்ணோவ்! குட்டையில இன்னாவோ எழுந்துகினு இருக்குதுண்ணா. சீக்கிரமா வா!”

பக்கத்துக் கொல்லைக்காரி கோவிந்தம்மா வரப்பில் ஓடி வந்தபடியே கத்தினாள். பங்குனி மாதத்துக் காலை. கே.ஜி.கண்டிகை டீக்கடையிலிருந்து வாங்கி வந்த மசால் வடையை மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அப்போதுதான் பிரித்து ஒரு கடி கடித்திருந்தேன். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

கரை மேல் ஏறிப் பார்த்தேன். குட்டையின் நட்டநடுவில், தண்ணீருக்கு மேலே கறுப்பாக, பளபளவென்று ஒரு முதுகு தெரிந்தது. எவனோ எருமையை இறக்கிவிட்டான் என்று நினைத்து, எறிவதற்குக் கல்லைத் தேடினேன். அந்த எருமைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அசையவும் இல்லை.

கோவிந்தம்மா செருப்பைக் கழற்றிக் கரைக்குக் கீழே விட்டாள். ஒரு தரம் தூரத்தில் தெரிந்த திருத்தணி மலையைப் பார்த்தாள். ஒரு தரம் குட்டையைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அதே மாரி இருக்குது பாருண்ணா. அந்த மலை மாரியே!”

அது என்ன என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மலையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வாயில் வடை இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். வடையை முழுங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

ஆள் நெட்டை, பேர் குட்டைக்காரர்

போன வாரம் எழுதிய கதையை, என் விசைத்தறிகளைக் கழற்றி எடைக்குப் போட்டதோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு குட்டைக்கு எப்படி வந்தேன் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

தறியை விட்டவன் சும்மா உட்கார முடியாமல், என் மச்சினன் முனிரத்தினத்தின் ஊருக்குப் போயிருந்தேன். நகரி பக்கம். அங்கே ஒரு மாந்தோப்பில் பொக்லைன் வைத்துப் பண்ணைக்குட்டை தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவன் மாலை வரை நின்றுவிட்டேன். மறுநாளும் போனேன். தறிச் சத்தத்திலேயே பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு அந்தப் பள்ளத்தின் அமைதி பிடித்துப்போயிற்று.

பிறகு நானே பொக்லைனைப் பேசி அழைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் குட்டை வெட்டிக்கொடுக்கத் தொடங்கினேன். திருவாலங்காடு பக்கம், கனகம்மாசத்திரம் பக்கம், எல்லையைத் தாண்டி ஆந்திரத்திலும்கூட. களிமண் பூமியில் வெட்டினால் கவலையே இல்லை. மழை பெய்தால் தண்ணீர் தானாக நிற்கும். என்னை ஆறடி உயரத்தில் படைத்த ஆண்டவனே சிரிக்கும்படி, ஊரில் எனக்குக் குட்டைக்காரர் என்று பேர் வந்துவிட்டது.

பேர் வந்தால் திமிரும் கூடவே வருமல்லவா? யாராவது நிலத்தைக் காட்டினால் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுவேன். மோந்து பார்ப்பேன். கண்ணை இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பேன். அதில் பாதி நடிப்பு. மண்ணை மோந்தால் மண் வாசனைதான் வரும்.

ஏழு கல்

இந்தக் குட்டையை எனக்காகவும் கோவிந்தம்மாவுக்காகவும் வெட்டினேன். என் நிலமும் அவள் நிலமும் ஒட்டிக் கிடக்கின்றன. நடுவில் இருந்த எல்லை வரப்பை வெட்டியெடுத்து, இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகக் குட்டை. தண்ணீர் இறங்காமல் அடியில் பிளாஸ்டிக் பாய் போடும் செலவு என்னுடையது. அவள் பங்குக்குத் தன் கொல்லையில் ஒரு துண்டைக் கொடுத்தாள். தண்ணீர் இரண்டு பேருக்கும் பொது.

அவள் வீட்டுக்காரன் கண்டிகையில் ஆட்டோ ஓட்டுகிறான். நிலத்துப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டான். “நிலம் அவளுது, நான் ரோட்டுக்காரன்” என்று பெருமையாகச் சொல்லுவான். உழவு, விதை, களை எல்லாம் கோவிந்தம்மாதான். நிலத்தில் ஒரு துண்டைக் குட்டைக்கு விடுவது அவளுக்குச் சின்ன விஷயமில்லை.

“நீ சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்” என்றாள். வேறு பேச்சே பேசவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டாள். எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் ஏழு கல்லை வரிசையாக நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார் என்று கும்பிடுவது வழக்கம். புதுக் கரைக்கும் அது வேண்டும் என்றாள். “பிளாஸ்டிக் பாய் போடற குட்டைக்கு எதுக்கும்மா கன்னிமாரு?” என்று கேலி செய்தேன். “தண்ணி நிக்கிற எடம்னா அவுங்களும் நிக்கணும்ணா” என்றாள். அவளே கல் பொறுக்கி வந்து, அவளே நட்டாள். அந்தக் கற்களுக்கு நேர் எதிரேதான் பிற்பாடு அந்தக் கறுப்பு முதுகு எழுந்தது. ஊர் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சோகை மெத்தை

எங்கள் நிலம் சரளை மண். எவ்வளவு ஊற்றினாலும் சல்லடை மாதிரி இறங்கிவிடும். அதனால்தான் பாய். கறுப்புப் பாயைப் பள்ளம் முழுக்க விரித்து, ஓரத்தை மண்ணில் புதைத்துவிட்டால் ஒரு சொட்டு கீழே போகாது. அடியில் கல் குத்திப் பாய் கிழிந்துவிடாமல் இருக்க முதலில் மணலைப் பரப்ப வேண்டும்.

மணல் கிடைக்கவில்லை. அலைந்து பார்த்தேன், இன்றைக்கு நாளைக்கு என்றார்கள். மழையோ வருகிற மாதிரி இருந்தது. அப்போது திருவாலங்காடு பக்கம் கோவிந்தம்மாவின் தம்பி கரும்பு வெட்டி முடித்து, சோகையைக் கொளுத்தப்போவதாகச் சொன்னான். கரும்பின் காய்ந்த இலைதான் சோகை. எனக்கு ஞானோதயம் வந்துவிட்டது.

“கொளுத்தாதடா! அத்தனையும் இங்க கொண்டாந்து போடு. மணல் இன்னா மணல்? மெத்தை மாரி இருக்கும்!”

யாரும் மறுத்துப் பேசவில்லை. குட்டைக்காரர் சொல்லிவிட்டாரே. கோவிந்தம்மா கட்டுக் கட்டாகச் சோகையைத் தலையில் சுமந்து வந்து பள்ளத்தில் பரப்பினாள். சோகை விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். அவள் முழங்கையெல்லாம் கீறல். மேலே பாயை விரித்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை ததும்பியது. கரை மேல் நின்று நான் மீசையை முறுக்கிக்கொண்டதை நினைத்தால் இப்போது அந்த மீசையையே எடுத்துவிடலாம் போலிருக்கிறது.

பாய்க்கு அடியில் ஈரம் கசிந்து சோகை அழுகும். அழுகினால் வாயு வரும். சாண எரிவாயுத் தொட்டியில் மூடி மேலே எழும்புகிறதே, அதே கதைதான். மழைக்காலத்தில் தண்ணீரின் கனம் பாயை அமுக்கி வைத்திருந்தது. வெயிலில் தண்ணீர் குறைந்ததும் வாயு பாயை நடுவில் தூக்கிவிட்டது.

வேறு ஒருவர் வெட்டிய குட்டையில் இதே மாதிரி சின்னதாக எழும்பியிருந்ததை முன்பே பார்த்திருக்கிறேன். அடியில் இலைதழையைப் பொறுக்காமல் விட்டிருந்தார்கள். “வேலை தெரியாதவன் பண்ண வேலை” என்று நாலு பேர் முன்னால் சிரித்தேன். சோகை பரப்பியபோது வராத அந்த ஞாபகம், இதைப் பார்த்ததுமே வந்துவிட்டது.

“உங்க கை சாதாரண கை இல்ல பாவா”

சரி, கோவிந்தம்மாவிடமாவது உடனே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் தொண்டையைச் செருமினேன். அதற்குள், பங்குனி உத்திரத்துக்காக என் வீட்டுக்கு வந்திருந்த முனிரத்தினம் ஓடி வந்துவிட்டான்.

முனிரத்தினம் எதையும் பாதியாகச் செய்யமாட்டான். குட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கரைச் சேற்றில் வெள்ளைச் சட்டையோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“பாவா! மலைல இருக்கறவன் நம்ம கொல்லைக்கு வந்துட்டான் பாவா! உங்க கை சாதாரண கை இல்ல பாவா!”

அந்த ஒரு வார்த்தையில் நான் காலி. தறியைத் தோற்றுவிட்டு வந்தவனிடம் உன் கை சாதாரணக் கை இல்லை என்று ஒருத்தன் சேற்றில் கிடந்து சொல்கிறான். சோகை என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து அப்படியே திரும்பிப் போய்விட்டது.

மதியத்துக்குள் ஊரே கரையில் நின்றது. உத்திரத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு நடந்து வந்தவர்கள் ரோட்டை விட்டு எங்கள் வரப்பில் இறங்கினார்கள். “கொண்ட லேச்சிந்தி ரா!” என்று தெலுங்கில் கத்திக்கொண்டு ஒரு கூட்டம் ஓடி வந்தது. மலை எழுந்துவிட்டதாம்! தேங்காய் உடைத்தார்கள். பூவைத் தண்ணீரில் வீசினார்கள். முனிரத்தினம் நாலு மூங்கிலை நட்டுக் கீற்றுப் பந்தலே போட்டுவிட்டான்.

என்னைக் கண்டால் கும்பிட்டார்கள். குட்டை வெட்டச் சொல்லிப் பேசி வைத்திருந்தவர்கள்கூட, “எங்க கொல்லைக்கும் உங்க கால் படணும்ங்க” என்றார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை நீட்டி, நெற்றியில் குங்குமம் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்தச் சோற்றை ஊருக்குப் பிரசாதமாகவும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“தண்ணி எடுக்கலாமாண்ணா?”

இதுவரைக்கும் நடந்ததை ஒரு கூத்து என்று சிரித்துவிட்டுப் போகலாம். இனி வருவதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோவிந்தம்மா அந்த வருஷம் குட்டையை நம்பிக் கோடைக்கு வேர்க்கடலை (எங்கள் பக்கத்துப் பேச்சில் கல்ல) போட்டிருந்தாள். பூ முடிந்து, விழுது மண்ணில் இறங்கி, காய் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் காய் பருப்பில்லாத பொக்காகிவிடும். அவள் கிணற்றில் மாசியிலேயே அடி தெரிந்துவிட்டது. குட்டையில்தான் மார்பளவுத் தண்ணீர் இருந்தது.

ஒரு மத்தியானம் கூட்டம் குறைந்திருந்த நேரத்தில் பந்தலுக்கு வந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நின்றாள்.

“அண்ணா, கல்லச்செடி வாடிகினு இருக்குது. தண்ணி எடுக்கலாமாண்ணா? சாமிக்குக் குத்தம் ஆவுமா?”

பாதித் தண்ணீர் அவளுடையது. அதை என்னிடம் அனுமதி கேட்கிறாள். எடுத்துக்கோம்மா, அது சாமி இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால், தண்ணீர் குறையக் குறைய வாயு இன்னும் மேலே தூக்கும். பாய் இழுபட்டு ஓரத்து மண் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் அது பாய்தான் என்று குருடனுக்கும் தெரிந்துவிடும். இவ்வளவு கணக்கும் அந்த நொடியில் என் மண்டைக்குள் ஓடியது.

நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“உத்திரம் போவட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்.”

“ஆங். நீ சொன்னா சரிண்ணா” என்றாள். முகத்தில் துளி வருத்தமில்லை. “சாமி வந்து நிக்கற தண்ணிய எடுத்துக் கல்ல வெளைய வெச்சி இன்னா ஆவப் போவுது?”

மறுநாள் காலையில் பார்த்தால், தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைக் குடம் குடமாக இடுப்பில் சுமந்து வந்து செடிக்குச் செடி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை நனைவதற்குள் முந்தின வரிசை காய்ந்தது. பக்கத்திலேயே எங்கள் குட்டைத் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. நான் பந்தலுக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டேன்.

வேல்

உத்திரத்தன்று அந்த மலை மேல் வேல் நட வேண்டும் என்று முனிரத்தினம் கிளப்பிவிட்டான். கொல்லைக்காரி கையால் நட்டால்தான் முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். கோவிந்தம்மா மஞ்சள் புடவை கட்டி, தலைக்குக் குளித்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நின்றாள்.

டிராக்டர் டியூபைத் தண்ணீரில் விட்டு, அதன் மேல் பலகை கட்டி, அவளை உட்காரவைத்தார்கள். இரண்டு கரையிலிருந்தும் கயிறு. ஒரு கையில் வேல். இன்னொரு கையில் எரிகிற கற்பூரத்தட்டு.

கற்பூரத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அடியில் இருப்பது பற்றிக்கொள்ளும் வாயு!

“தட்டு வேணாம்! கற்பூரத்த அணை! அணைம்மா!” என்று அலறினேன்.

ஏதோ ஐதீகம் போலிருக்கிறது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அவளும் தட்டைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள். அப்போதாவது மீதியையும் சொல்லியிருக்கலாம். வேலைச் சும்மா சாய்த்து வைத்துவிட்டு வருவாள் என்று நினைத்தேன். வேலின் அடியில் நடுவதற்கென்று கூர்மையான இரும்பு முனை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

“முருகா!” என்று கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தம்மா குத்தினாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். பின்னாலேயே அழுகல் நாற்றம். கரையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். மலை நடுங்கியது, சுருங்கியது, மடிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் போய்விட்டது. வேலும் அதோடு மூழ்கிப்போயிற்று. கோவிந்தம்மா மட்டும் டியூபின் மேல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

 கரையிலிருந்து யாரோ ஒருத்தி சொன்னாள்: “இன்னா தீட்டோடு போனாளோ. சாமி போயிட்சி.”

பெரிய மனசு

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கயிற்றை இழுத்து அவளைக் கரை சேர்ப்பதற்குள் அவள் தலையில் நூறு குற்றம் ஏறிவிட்டது.  அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பந்தல் கட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்ல! அது சாமியே இல்லைய்யா! அடியில சோகை போட்டேன், அது அழுவி காத்து ரொம்பி எழுந்துச்சி! என் தப்பு! எனக்கு மொத நாளே தெரியும்!”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களாடா? ஒரு பொம்பளைக்குப் பழி வரக் கூடாதுன்னு தன் மேல போட்டுக்கறாரு. எவனுக்கு வரும் இந்த மனசு?”

“இல்லைங்க, நெசமாவே...”

“வுடுங்க குட்டைக்காரரே. உங்களத் தெரியாதா எங்களுக்கு?”

முனிரத்தினம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நான் கத்தக் கத்த என் மதிப்புதான் ஏறியது. திட்டு வாங்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது.

கிழிந்த பாய் வழியே தண்ணீர் சரளைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மோட்டாரைப் போட்டு மிச்சத்தையாவது கடலைக்கு எடுக்கலாம் என்று ஓடினால், கோவிந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டாள். சாமியை விரட்டியவளுக்குத் தண்ணீர் வேண்டாமாம்.

வெந்த கடலை

சித்திரையில் அவள் கடலை பிடுங்கினாள். ஒரு கிண்ணத்தில் வேகவைத்து எனக்குக் கொண்டுவந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்து மலையேறி மன்னிப்புக் கேட்டு வருவதாக அவள் வீட்டுக்காரன் சொல்லியிருந்தான்.

“அன்னிக்கி நீ மட்டும் பழிய உம்மேல போட்டுக்கலன்னா நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமாண்ணா? துன்னு. காய் அவ்வளவா இல்ல, பொக்குதான். உனக்குன்னு பொறுக்கிக் கொண்டாந்தேன்.”

ஒன்றை உடைத்தேன். ஓட்டுக்குள் சுருங்கிய தோல்தான் இருந்தது. இன்னொன்றிலும் அப்படியே. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “என் கூட வாம்மா” என்றேன்.

வறண்ட குட்டைக்குள் அவளை இறக்கிக் கூட்டிப்போனேன். வேல் கிழித்த இடத்தில் கத்தியை விட்டுப் பாயை அகலமாக அறுத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அடியில் கறுத்து அழுகிக் கூழான சோகை. அதே நாற்றம். அவள் குனிந்து ஒரு பிடி எடுத்தாள். அவளே தலையில் சுமந்து வந்து பரப்பிய சோகைதான். விரலால் பிசைந்து பார்த்தாள்.

“அப்போ... நான் ஒண்ணும் பண்லியா?”

“இல்லம்மா.”

“சாமி என்னால போவலியா?”

“சாமியே வரல்லம்மா.”

அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். இத்தனை நாளாக நெஞ்சில் தூக்கி வைத்திருந்ததை இறக்குகிறாள். திட்டுவாள் என்று நின்ற எனக்கு, அவள் அவ்வளவு நிம்மதியாக அழுவதைப் பார்க்க முடியவில்லை.

அழுது முடித்துக் கையைப் பாயிலேயே துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“தண்ணி எடுக்கலாமான்னு வந்து கேட்டனே. அப்பவும் தெரியுமாண்ணா?”

“ஆங்” என்றேன்.

 கரை ஏறினாள். ஏழு கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். போய்விட்டாள்.

அந்த ஆனியில் பாயை முழுக்க எடுத்துவிட்டு, மணல் பரப்பிப் புதுப்பாய் போட்டேன். மணலுக்காகக் கால் தேய அலைந்தேன், அது பெரிய விஷயமில்லை. தன் பங்கு வேலைக்குக் கோவிந்தம்மாவும் வந்தாள். கூடை கூடையாக மணலைச் சுமந்து கொட்டினாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டுச் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கேட்டாள்.

“மணல் போதுங்களா சார்?”